லாரியின் பலமும் பம்பின் முத்திரையும்

டீஸல் லாரிகளின் பம்பைத் திருகி, யந்திரத்துக்கு அதிக பலம் ஏற்றும் வழக்கம் நம் நாட்டில் வெகுகாலமாக நடந்து வருகிறது. இது பட்டறைக்காரரின் தொழில் விஷயம், பொதுஜனங்களுக்கு இதில் என்ன அக்கறை என்று சிலர் கேட்கலாம். பாரம் ஏற்றிய லாரியின் பின்னே கரும்புகையை விழுங்கிக்கொண்டு மேடு ஏறியவர் எவரும் அவ்விதம் கேட்கமாட்டார். சாலையில் நடப்பவர், சாலையோரத்தில் குடியிருப்பவர், லாரியை ஓட்டிப் பிழைப்பவர் ஆகிய அனைவரின் க்ஷேமமும் இதில் அடங்கியிருக்கிறபடியால், இதைப்பற்றி நமது அபிப்பிராயத்தைத் தெரிவிப்பது கடமையாகிறது.

முதலில் செய்கை இன்னதென்று அறிந்துகொள்வோம். 1927-ல் ஜெர்மனியில் பாஷ் கம்பெனியார் பெருவாரியாகச் செய்யத் தொடங்கிய வரிசைப் பம்பு, பல பத்தாண்டுகள் நமது லாரிகளில் வேலை செய்தது. பழைய வண்டிகளில் இன்றும் செய்கிறது. பெங்களூரில் 1951-ல் ஸ்தாபிதமான மைகோ கம்பெனி இதை இங்கேயே செய்து கொடுத்தது. இப்பம்பில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு பிளஞ்சர் உண்டு. பல்வெட்டிய தண்டு ஒன்று அவற்றையெல்லாம் ஒருங்கே திருப்பும். அது எவ்வளவு நகருகிறதோ அவ்வளவுக்கு நாசில் வழியாக டீஸல் கூடுதலாகப் பாயும். அத்தண்டு எந்த எல்லைக்கு மேல் நகரலாகாது என்று தொழிற்சாலையார் ஒரு திருகாணியால் நிறுத்தி, அதன் மேல் முத்திரையும் வைத்து அனுப்புகிறார்கள். முத்திரையை உடைத்து அத்திருகாணியைச் சிறிது தளர்த்துவதே நமது பட்டறைகளில் 'புல்லிங்' ஏற்றுவது என்று சொல்லப்படும் வித்தை.

சிறிது திருகினால் சிறிது பலம் கூடும் என்பது மெய்யே. இல்லாவிட்டால் அனுபவஸ்தர்கள் அதைச் செய்யமாட்டார்கள். ஆயினும் டீஸல் தானாக எரிவதில்லை, காற்று வேண்டும். ஒரு கிலோ டீஸல் முற்றிலும் எரிவதற்குச் சுமார் 14½ கிலோ காற்று தேவை. சிலிண்டருக்குள் இரண்டும் பூரணமாகக் கலப்பதில்லையாதலால், நடைமுறையில் அதைவிடக் கணிசமாக அதிகம் இருந்தாலன்றிப் புகையில்லாமல் எரியாது. திருகாணி டீஸலைக் கூட்டுமேயன்றிக் காற்றைக் கூட்டாது. எல்லை கடந்த டீஸல் பாதி வெந்து, கரியாகப் புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. காசு கொடுத்து வாங்கிய எண்ணெயைப் புகையாக்கி ஊருக்கு விநியோகம் செய்வதில் லாபம் யாருக்கு?

நஷ்டம் புகையோடு நிற்பதில்லை. மிதமிஞ்சிய சூட்டினால் பிஸ்டன் உருகுகிறது. சிலிண்டர் ஹெட் வெடிக்கிறது. கரி கலந்து என்ஜின் ஆயில் கெடுகிறது. கிளட்ச் தட்டும், கியர் பெட்டியும், கிரவுன் பினியனும் பழைய பலத்துக்கு அளவிட்டுச் செய்யப்பட்டவை. அவற்றை யாரும் மாற்றுவதில்லை. எல்லாவற்றிலும் முக்கியமாக, பிரேக்கை யாரும் பெரிதாக்குவதில்லை. பம்பைத் திருகியவன் லாரிக்கு இழுக்கும் சக்தியைக் கொடுத்தான். நிறுத்தும் சக்தியைக் கொடுத்தானா? அதிக பாரத்தை மேட்டில் ஏற்றிவிட்ட அதே லாரி, தருமபுரி ஜில்லாவின் தொப்பூர் கணவாயில் இறங்கியாக வேண்டும். அங்கே நேர்ந்த விபத்துக்களெல்லாம் பம்பினால் நேர்ந்தவை என்று நாம் கூறவில்லை. இறக்கத்தில் உயிரைக் காப்பது கீழ் கியரும் குளிர்ந்த பிரேக்கும், அளவான பாரமுமே என்று மட்டும் கூறுகிறோம்.

புகையின் தீமை இனி வாதத்துக்குரிய விஷயமல்ல. உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2012-ல் டீஸல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. அப்புகையை நாள் முழுவதும் சுவாசிப்பவர் யார்? லாரி டிரைவரும் கிளீனரும், சோதனைச்சாவடிக் காவலரும், சாலையோர டீக்கடைக்காரரும், பள்ளிக்கு நடந்து செல்லும் குழந்தைகளுமே.

இவ்வளவு கெடுதி இருந்தும் ஏன் செய்கிறார்கள்? நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் கடன் வாங்கி ஒரு லாரியோ இரண்டு லாரியோ வைத்துத் தொழில் நடத்துவோர் அநேகர். டீஸல் செலவு, சுங்கம், டயர், மாதத் தவணை இவற்றைக் கழித்தால் நியாயமான பாரத்துக்குக் கிடைக்கும் வாடகை கட்டுபடியாகவில்லை என்பது அவர்கள் முறையீடு. ஆகவே அதிக பாரம். அதிக பாரத்தை இழுக்கத் திருகாணி. மூன்று அச்சு லாரியின் மொத்த எடை வரம்பைச் சர்க்கார் 2018-ல் 25 டன்னிலிருந்து 28½ டன்னாக உயர்த்தினர். வரம்பு உயர்ந்ததே தவிர, அதை மீறும் ஆசை நின்றபாடில்லை. வியாதியின் வேர் பட்டறையில் இல்லை. குறைந்த வாடகைக்கு நிறைந்த பாரம் கேட்கும் சரக்குக்காரரிடம் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்லுகிறது? 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் பம்பின் திருகாணி என்று பெயர் சொல்லி எழுதியில்லை. ஆயினும் அதன் பயனான புகையை 190-வது பிரிவு பிடிக்கும். 2019 திருத்தத்தின்படி முதற்குற்றத்துக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அதிக பாரத்துக்கு 194-வது பிரிவு 20,000 ரூபாயும், மிஞ்சிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் விதிக்கிறது. இவ்விரு பிரிவுகளும் ஓட்டுபவனை மாத்திரம் குறிப்பிடவில்லை. ஓட்டச் செய்பவனையும் ஓட்ட அனுமதிப்பவனையும் சேர்த்தே குறிப்பிடுகின்றன. இவ்வார்த்தைகள் சரக்கேற்றிவிடும் முதலாளியையும் எட்டக்கூடியவை என்பது நமது கருத்து. ஆனால் நடுச்சாலையில் நிறுத்தப்படுகிறவனும், கையைப் பிசைந்து நிற்கிறவனும் டிரைவரே. சட்டத்தின் பாதி வாசகம் புத்தகத்திலேயே உறங்குகிறது.

புகைச் சோதனையோ வெறும் சடங்காகிவிடுகிறது. நின்ற இடத்தில், கியர் போடாமல், ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பார்த்துச் சான்றிதழ் எழுதுகிறார்கள். முழுப் பாரத்தோடு மேட்டில் திணறும்போது வெளியாகும் புகை அச்சோதனையில் எங்ஙனம் தெரியும்? 2020 ஏப்ரலுக்குப் பின் விற்கப்படும் புதிய லாரிகளில் டீஸலை அளந்து விடுவது கணினி. திருகாணி போனாலும் ஆசை போகாது. கணினியின் கணக்கை மாற்றுவது அதே குற்றத்தின் புதிய உருவம்.

ஆகையால் நாம் வற்புறுத்துவது மூன்று விஷயங்கள். பாரத்தை நெடுஞ்சாலையில் பிடிப்பதைவிட, ஏற்றும் இடமாகிய ஆலை வாசலிலும் கிட்டங்கியிலும் குவாரியிலும் எடை போட்டுப் பிடிக்க வேண்டும். அங்கே ஏற்றிவிட்டவர் மீதும் வழக்குத் தொடர வேண்டும். வருடாந்தரத் தகுதிச் சோதனையில் பம்பின் முத்திரையைப் பார்ப்பது விதியாக வேண்டும். தேய்ந்த பம்பைச் சரிசெய்வது குற்றமல்ல. சோதனை மேடையில் ஏற்றி, ஒவ்வொரு நாசிலுக்கும் செல்லும் அளவைக் கணக்கிட்டுத் திரும்ப முத்திரை வைக்கும் நேர்மையான பட்டறைகளை ஆதரிக்க வேண்டும்.

லாரி முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. தனித்தனியே திருகாணியைத் திருப்பி ஒருவருக்கொருவர் வாடகையைக் குறைத்துக்கொள்வதால், கடைசியில் ஆதாயம் அடைபவன் சரக்குக்காரனே. யந்திரமும் பிரேக்கும் உயிரும் உங்களுடையவை. அளவுக்கு மேல் ஏற்றமாட்டோம் என்று உங்கள் சங்கங்கள் ஒரே குரலில் உறுதி கூறினால், நியாயமான வாடகை தானே வந்து சேரும். அந்த ஒற்றுமையில் கிடைக்கும் பலம் எந்தப் பம்பிலும் கிடைக்காது.