ஆளில்லாத வெண்மை

கொஞ்ச காலமாகத் தமிழ்க் கவிதையில் பனி பெய்துகொண்டிருக்கிறது. ஜன்னல் கம்பி உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் தூத்துக்குடியில் இருந்துகொண்டு நான் இவற்றைப் படிக்கிறேன். துருவப் பிரதேச ஆவணப்படங்களைப் பார்த்துவிட்டு நம் நண்பர்கள் மனிதக் கறை படியாத மௌனம், ஆதி வெண்மை என்றெல்லாம் எழுதுகிறார்கள். கவிதைகள் மோசம் என்பது இரண்டாம் பட்சம். அவற்றின் தரிசனமே இரவல் என்பதுதான் என் புகார்.

2011இல் பி.பி.சி. ஒளிபரப்பிய 'ஃப்ரோஸன் பிளானெட்' தொடரில் பனிக்கரடி குட்டி ஈன்ற காட்சி துருவத்தில் எடுத்ததல்ல, நெதர்லாந்தில் ஒரு மிருகக்காட்சிசாலையில் எடுத்தது என்று தெரியவந்து கூச்சல் எழுந்தது. எனக்கு அதில் கோபமில்லை. குட்டி ஈன்ற கரடியின் குகைக்குள் காமிராவை நுழைக்க முடியாது. இந்த அளவு பொய் கலையில் சகஜம். ஆனால் ஏழு பகுதிகள் கொண்ட அத்தொடரில் அங்கே வாழும் மனிதர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது ஆறாவது பகுதி. இயற்கையை எல்லாம் சொல்லி முடித்தபின் சேர்த்த அனுபந்தம் மாதிரி. இந்தப் பொய்தான் பெரிய பொய்.

தென்துருவத்தில் பூர்வகுடிகள் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். வடக்கு அப்படியல்ல. அந்தப் பனி மனிதர்கள் பெயரிட்டு, வேட்டையாடி, பிள்ளை பெற்று வாழ்ந்துவரும் நிலம். 1922இல் ராபர்ட் ஃபிளஹர்ட்டி 'நானூக் ஆஃப் தி நார்த்' எடுத்தார். பணம் போட்டது ஒரு ரோம வியாபாரக் கம்பெனி. துப்பாக்கி பழகியவர்கள் படத்துக்காக ஈட்டி எறிந்தார்கள்; வெளிச்சத்துக்காகப் பாதி திறந்துவிட்ட பனிவீட்டில் தூங்குவதுபோல் நடித்தார்கள். நானூக்கின் நிஜப் பெயர் அல்லகரியல்லாக். ஆனாலும் அந்தப் படத்தில் ஒரு முகமாவது இருந்தது. 1953இல் கனடா அரசு அதே இனுக்ஜுவாக் பகுதிக் குடும்பங்களை ஏறத்தாழ 2000 கிலோமீட்டர் வடக்கே கொண்டுபோய் இறக்கியது. 1955இல் போனவர்களில் ஃபிளஹர்ட்டியின் மகன் ஜோசஃபியும் ஒருவர். அரசு மன்னிப்புக் கேட்டது 2010இல். பனியில் ஆளைக் காணாத காமிராவும், ஆளை இறக்கிவிடத் தோதான காலி இடம் என்று வரைபடத்தைப் பார்த்த அதிகாரியும் ஒரே கண்ணால் பார்த்தவர்கள்.

இந்தக் கண் நம் கடலுக்கும் வந்துவிட்டது. தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரையுள்ள தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. இக்கடலைப் பற்றி நான் பார்த்த படங்களில் பவளம் உண்டு, ஆமை உண்டு, ஆவுளியா உண்டு. சங்கு குளிக்கிறவர் இல்லை. தீவோரத்தில் மரிக்கொழுந்துப் பாசி எடுத்துப் பிழைத்த பாம்பன் பக்கத்துப் பெண்கள் இல்லை; சட்டத்தின் பார்வையில் அவர்கள் அத்துமீறுகிறவர்கள்.

மனிதனை நீக்கினால் அவன் உரிமை மட்டுமல்ல, குற்றமும் சேர்ந்து மறைந்துவிடும். விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்று இரண்டு தீவுகள் இங்கே மூழ்கிப்போயின. வருஷக்கணக்காகப் பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கும் ஆலைக்கும் ஏற்றியதற்கு இதில் பெரும் பங்கு உண்டு. திரை முழுக்க நீலமும் மீனுமாக இருக்கும்போது, வெட்டிய கூலிக்காரனும் தெரிவதில்லை, வாங்கிய முதலாளியும் தெரிவதில்லை.

வெள்ளைக்காரக் காமிராவை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. கொற்கை முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற கைதிகளை இறக்கினார்கள் என்று முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் குறிப்பான பெரிப்ளூஸ் சொல்கிறது. 1961இல் தூத்துக்குடியில் பெரிய முத்துக்குளிப்பு நின்றுபோகும்வரை மூச்சை அடக்கி பாருக்கு இறங்கியவர்கள் உண்டு. முத்தின் வெண்மையைப் பாடிய நம் புலவர்களில் எத்தனை பேர் அவர்கள் காதில் வழிந்த ரத்தத்தைப் பாடினார்கள்?

இத்தனைக்கும் நம்மிடம் வேறு அழகியல் இருந்தது. தொல்காப்பியம் விலங்கையும் மரத்தையும் பறவையையும் சொல்லும் அதே மூச்சில் உணவையும் பறையையும் தொழிலையும் கருப்பொருள் என்கிறது. தொழில் செய்கிற ஆள் இல்லாமல் திணை இல்லை. பழம்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பண்டித வகுப்பறையில் மனப்பாடம் செய்து மறந்துவிட்ட இதை, நவீனத்துவம் பேசுகிற நாமும் திரும்பிப் பார்க்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

பனியைப் பாடக்கூடாது என்பதல்ல என் கட்சி. இந்த ஊரைச் சுற்றிலும் உப்பளம் வெள்ளை வெளேரென்று கிடக்கிறது. அதன் ஒளியில் வருஷக்கணக்காக நின்று கண் கெட்டவர்கள் இருக்கிறார்கள். பனி வெளிச்சத்திலிருந்து கண்ணைக் காத்துக்கொள்ள இனுயிட்டுகள் எலும்பிலும் மரத்திலும் கீறல் விட்டுக் கண்ணாடி செய்துகொண்டார்கள். வெண்மை மௌனம் என்பது தள்ளி உட்கார்ந்து பார்ப்பவனின் வசதி. அதற்குள் நின்று வேலை செய்கிறவனுக்கு அது கண்ணெரிச்சல். அந்த எரிச்சல் இல்லாத பனிக் கவிதையை இனிமேல் என்னிடம் நீட்ட வேண்டாம்.