விரல் மூட்டையும் மாற்றலாமா?

"முட்டியை மாத்துறாங்க, இடுப்பை மாத்துறாங்க. இந்த விரலை மாத்த மாட்டாங்களாடி?"

கேட்டது என் பெரியம்மா. வயது 67. வலது ஆள்காட்டி விரலின் நடு மூட்டு தேய்ந்து, வீங்கி, கோணிப்போயிருக்கிறது. கோலமாவைக் கிள்ளி எடுத்தாலே வலி. இரண்டு வருடமாக வாசலில் ஸ்டிக்கர் கோலம்தான்.

மாற்றுகிறார்கள். அமெரிக்க டாக்டர் ஆல்ஃபிரட் ஸ்வான்சன் 1960-களிலேயே சிலிகோன் விரல் மூட்டை உருவாக்கிவிட்டார். அந்த வகை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

முட்டிக்கு வைப்பதுபோல கனமான உலோகம் இல்லை இது. நடுவில் மடங்கும் ஒரு சின்ன சிலிகோன் துண்டு, இரு பக்கமும் காம்பு. தேய்ந்த எலும்பு முனைகளை வெட்டிவிட்டு, காம்புகளை எலும்புகளுக்குள் செருகுவார்கள். நாளடைவில் உடம்பே அதைச் சுற்றி ஓர் உறையை வளர்த்துக்கொள்ளும். பிறகு பல வாரங்கள் ஸ்ப்ளின்ட், விரல் பயிற்சி. அதைச் சோம்பேறித்தனமாகச் செய்தால் ஆபரேஷனே வீண்.

வலி குறைவதுதான் பெரிய லாபம். விரல் பழையபடி முழுசாக மடங்கும் என்று நம்பிப் போகாதீர்கள். வருடங்கள் போனால் சிலிகோன் உடையவும் கூடும்.

முடக்குவாதம் என்றால் கதை வேறு. ஆரம்பத்திலேயே சரியான மருந்து எடுத்தால் பலருக்கு ஆபரேஷன் வரை போகாது. அதனால் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெரியம்மாவை அழைத்துப் போனேன். அங்கேதான் சிக்கல். மோதிர விரல், சுண்டு விரல் என்றால் மாற்று மூட்டு பொருந்தும். எதையும் இறுக்கிப் பிடிக்க அவை நன்றாக மடங்க வேண்டும். ஆள்காட்டி விரலோ கட்டைவிரலின் பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்கணும். கிள்ளுகிற வேலைக்கு சிலிகோன் மூட்டு ஈடுகொடுக்காமல் சாய்ந்துவிடலாம். "மூட்டை அசையாம இணைச்சிடலாம்மா. வலி போயிடும்" என்றார் டாக்டர்.

"மடங்காத விரல்ல கோலம் வருமா?"

"கொஞ்சம் வளைச்ச நிலையிலதான் இணைப்போம். கிள்ள வரும்."

பெரியம்மா பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை பார்க்கிறேன், அந்த விரலை லேசாக வளைத்து, அசையாமல் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். கையில் கோலமாவு டப்பா. புள்ளியெல்லாம் சரியாக விழுந்திருந்தது. சிக்குக் கோலத்தின் வளைவுதான் இரண்டு இடத்தில் இழுத்துக்கொண்டது.

"எப்போ வரச் சொன்னார்?" என்றார்.