கூவத்தின் கணக்கு எம்மொழியில்?

ஆவடிப் பக்கத்திலும் திருவேற்காட்டிலும் கூவம் என்றோர் ஆறு ஓடுவதாக நிலப்படம் காட்டுகின்றது. கரையில் நிற்பவன் அதனை ஆறென்று ஒப்புவது அரிது.

நடுவண் மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2022-இல் வெளியிட்ட அறிக்கையில், ஆவடி முதல் சத்தியா நகர் வரையுள்ள கூவமே நாட்டின் ஆற்றுப் பகுதிகளுள் மிகக் கேடுற்றதாகப் பதிவாகியுள்ளது. நீரிலுள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எவ்வளவு உயிர்வளி வேண்டுகின்றன என்பதே இதற்கு அளவுகோல். குளித்தற்குரிய ஆற்றில் அஃது இலிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. கூவத்திலோ 345! நுண்ணுயிர்களே வளியனைத்தையும் உண்டபின் மீனுக்கு எஞ்சுவது யாது? மீன் வாழும் நீரில் கரைந்த உயிர்வளி 4 மில்லிகிராமேனும் இருத்தல் வேண்டுமென அவ்வாரியமே வரம்பு கட்டியுள்ளது.

சென்ற நூற்றாண்டின் நடுவில் இவ்வாறு கடலொடு கலக்கும் கழிமுகத்தே ஐம்பதையொட்டிய மீன்வகைகள் எண்ணப்பட்டன. 1970-களில் அவற்றிற் பாதிக்கும் குறைவே எஞ்சின. சம்பந்தர் பாடிய திருவிற்கோலத்தையும் திருவேற்காட்டையும் தழுவிவந்த ஆற்றின் பெயர் இன்று நாற்றத்திற்கு மறுபெயராகிவிட்டது. (கூவல் என்றால் கிணறு என்பதையாவது நம் பிள்ளைகள் அறிவாரோ?)

கேசவரம் அணைக்கட்டில் கொற்றலையாற்று நீர் பூண்டிக்குத் திருப்பப்படுவதால், வடகீழ்ப் பருவமழைக் காலத்தன்றிக் கூவத்திற்குத் தன்னீர் மிகுதியாக இல்லை. ஏனைத் திங்கள்களில் ஓடுவது பெரும்பாலும் ஊர்க்கழிவே. ஆகவே, கார்த்திகையில் முகந்த நீரும் சித்திரையில் முகந்த நீரும் ஒன்றாகா. வெள்ளம் வடியுமுன் எடுத்த ஓரளவைக் காட்டி ‘ஆறு தேறிற்று’ என்பார்க்கு இடந்தரலாகாது. அதே துறையில், அதே முறையில், பருவந்தோறும் நீரையும் அளந்து, வலையும் வீசிப் பார்த்தலே உண்மைக் கணக்கு.

அக்கணக்கும் யாருக்கு? அளவுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பெற்று அலுவலகத்தில் உறங்குகின்றன. கரையில் குடியிருந்து கொசுக்கடியும் நோயும் படுபவன் தமிழன்; அவன் ஆற்றின் நிலை அவனுக்கு அயன்மொழியிற் கூறப்படுகின்றது! மீன்களுக்கு உலகப் பொதுப்பெயராக இலத்தீன் இருக்கட்டும், வேண்டாமென்பார் யார்? அதனருகே விரால், கெளுத்தி, ஆரல், அயிரை என்றெழுதினால் மை தீர்ந்துவிடுமோ? மீன் அழிந்த துறையில் அதன் பெயரும் ஒரு தலைமுறைக்குள் அழியும். பெயரறியாதவன் எதனை இழந்தானென்று எங்ஙனம் முறையிடுவான்?

திருவேற்காட்டுப் பாலத்தருகிலும் ஆவடியிலும் பலகை நாட்டுக. உயிர்வளி எவ்வளவு, மாசு எவ்வளவு, வலையிற் கண்ட மீன் எவையெவை என்பவற்றை நல்ல தமிழில், நாளும் இடமும் குறித்து எழுதுக. அருகிலுள்ள பள்ளிகளின் அறிவியல் ஆசிரியர்கள் மாணவரை அழைத்துச் சென்று உடனிருந்து அளக்கட்டும். வரும் பருவமழைக்கு முன்னர் ஒரு முறையும், மழை ஓய்ந்து தை பிறந்தபின் ஒரு முறையும் அப்பலகை எழுதப்படுதல் வேண்டும்.