இயங்காத கணினி கற்பிக்கும் பாடம்



பாகங்களைத் தனித்தனியே வாங்கிவந்து வீட்டிலேயே கணினியைப் பொருத்திப் பார்க்கும் ஆர்வம் நம் பிள்ளைகள் சிலரிடம் உண்டு. கோலாலம்பூர் லோயாட் பிளாசாவிலோ இணையக் கடைகளிலோ தேடித்தேடி வாங்குகிறார்கள். காணொளிகளைப் பார்த்துப் பொருத்துகிறார்கள். இறுதியில் விசையை அழுத்தினால் காற்றாடி சுழல்கிறது, திரையோ இருண்டே கிடக்கிறது. அப்பொழுது வீட்டில் எழும் முதற்சொல், "உனக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை? கடையில் கொடு, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்பதாகவே பெரும்பாலும் இருக்கிறது.

இந்தச் சொல்லோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பிள்ளையின் உண்மையான கல்வி அந்த இருண்ட திரையின் முன்னால்தான் தொடங்குகிறது என்பது என் கருத்து.

புதிதாகப் பொருத்திய கணினி இயங்க மறுப்பதற்குப் பழுதான பாகமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. பொருத்தும்பொழுது விடுபட்ட சிறு செயலே காரணமாக இருப்பது மிகவும் இயல்பு. அதைக் கண்டறிய முதலில் அறிகுறியை மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, உயிரே இல்லாத நிலை. சுவர் விசை, மின்வழங்கியின் பின்புறமுள்ள விசை, தாய்ப்பலகையில் செருகும் 24 முனை மின்வடம், பெட்டியின் முகப்பு விசையிலிருந்து வரும் இரு முனைச் சிறு கம்பி ஆகிய நான்கையும் வரிசையாகப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, காற்றாடி சுழன்றும் திரை இருண்டிருக்கும் நிலை. செயலிக்கென்றே தனியாக உள்ள 8 முனை மின்வடம் செருகப்பட்டுள்ளதா? நினைவகப் பட்டை 'டக்' என்ற ஒலியுடன் முழுமையாக அமர்ந்துள்ளதா? நான்கு பள்ளங்கள் உள்ள பலகையில் இரண்டே பட்டைகள் என்றால், செயலியின் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகுவதே பொது வழக்கம். வரைகலை அட்டை தனியாக இருக்கும்பொழுது திரையின் வடத்தைத் தாய்ப்பலகையில் செருகிவிடுவதும் அடிக்கடி நிகழ்வதே. இன்றைய தாய்ப்பலகைகள் பலவற்றில் செயலி, நினைவகம், வரைகலை, தொடக்கம் எனப் பெயரிட்ட நான்கு சிறு விளக்குகள் உள்ளன. எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ அங்கிருந்து தேடலைத் தொடங்கலாம். டிடிஆர்5 நினைவகமுள்ள கணினி முதன்முறை தொடங்கும்பொழுது நினைவகத்தைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்வதும் உண்டு. பொறுமையிழந்து மின்சாரத்தை நிறுத்தினால் அவ்வேலை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

மூன்றாவது, திரை ஒளிர்ந்து, 'தொடங்குவதற்குரிய சாதனம் இல்லை' என்று அறிவிக்கும் நிலை. இதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. கணினி உயிர்பெற்றுப் பேசத் தொடங்கிவிட்டது. வன்தட்டில் இயங்குதளம் இன்னும் நிறுவப்படவில்லை, அல்லது அந்த வன்தட்டைக் கணினி காணவில்லை, அவ்வளவுதான்.

இவற்றிலும் விடை கிடைக்காவிட்டால் செயலி, அதன் குளிர்விப்பான், ஒரே ஒரு நினைவகப் பட்டை, திரை ஆகியவற்றை மட்டும் வைத்து இயக்கிப் பார்க்க வேண்டும். செயலியில் உள்ளமை வரைகலை இல்லையென்றால் வரைகலை அட்டையும் இருக்க வேண்டும். இயங்கினால் மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்; செய்ததைக் குறிப்பேட்டில் எழுதுதல். இவ்விரண்டையும் கைவிட்டால் எது குணமாக்கியது என்பதே தெரியாமல் போய்விடும். பெற்றோர்க்கு ஓர் எச்சரிக்கை: உள்ளே கை வைக்குமுன் மின்வடத்தைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். மின்வழங்கியின் பெட்டியை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் திறக்கக் கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் அதனுள் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

என் முன்னாள் மாணவி ஒருத்தி, இரண்டாம் படிவத்தில் படிக்கும்பொழுது, தந்தை மிகைநேரம் உழைத்துச் சேர்த்த பணத்தில் கணினி ஒன்றைப் பொருத்தினாள். திரை ஒளிரவில்லை. கடைக்குக் கொண்டுபோகத் தந்தை காரை வெளியே எடுத்துவிட்டார். அவளோ, "அப்பா, ஒரு மணி நேரம் மட்டும் கொடுங்கள்" என்று கேட்டுக்கொண்டு, பார்க்க வேண்டியவற்றைத் தாளில் எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். ஐந்தாவது வரியில் விடை கிடைத்தது. செயலியின் மின்வடம் பலகையின் பின்புறம் செருகப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. மிச்சமான ரிங்கிட்டைவிட, அந்த ஒரு மணி நேரத்தைத் தந்தை கொடுத்ததைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன்.

ஆசிரிய நண்பர்களே, இது கணினியோடு முடிகிற செய்தியன்று. 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் மாணவனை நாம் அறிவோம். சிவப்பு மையால் பிழைக்குறி இடுவது எளிது. "இவனுக்குக் கணிதம் வராது" என்று சொல்வது அதனினும் எளிது. சற்று உற்று நோக்கினால், ஒவ்வோர் இடமதிப்பிலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்திருக்கிறான் என்பது தெரியும். கடன் வாங்குதல் என்ற ஒரே வடம்தான் செருகப்படவில்லை. அதைக் கண்டறியாமல் பிரத்தியேக வகுப்பு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது, காரணம் அறியாமல் கணினியின் பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கி மாற்றுவதைப் போன்றதே. பணம் கரையும், குறை அங்கேயே இருக்கும். முதலாமாண்டில் சில பிள்ளைகளுக்குத் தொடக்கத்தில் கூடுதல் நேரம் தேவைப்படுகிறது. அவர்களை நாம் இடையிலேயே அணைத்துவிடக் கூடாது.

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என்பதை வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் அறிவுறுத்துகிறார். அந்தக் குறளை மனனம் செய்யவைக்கும் நாம், அதைச் செய்து பார்க்கும் வாய்ப்பையும் வழங்க வேண்டாமா? யுபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் அகற்றப்பட்டது. வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடமும் நம் ஆரம்பப்பள்ளிகளில் இருக்கிறது. பயன்பாட்டிலிருந்து ஒதுக்கிய பழைய கணினி ஒன்றை மேசைமேல் வைத்து, நினைவகப் பட்டையைக் கழற்றிவிட்டு, "ஏன் இயங்கவில்லை?" என்று மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். அதற்குப் புதிய நிதி ஏதும் தேவையில்லை. மின்வடத்தைச் செருகுவதும் பிடுங்குவதும் மட்டும் ஆசிரியர் கையில் இருக்கட்டும்.

பெற்றோர்களே, கடைக்குப் போவது தவறன்று. எல்லாவற்றையும் பார்த்த பிறகும் இயங்காவிட்டால், உத்தரவாதம் இருக்கும்பொழுதே பாகத்தைத் திருப்பிக் கொடுப்பதுதான் அறிவுடைமை. அதற்கு முன்பாகப் பிள்ளையின் கையில் ஒரு தாளையும் எழுதுகோலையும் கொடுத்து, "எங்கே தடைப்படுகிறது, நீயே கண்டுபிடி" என்று கூறுங்கள். அந்தக் கணினி சில ஆண்டுகளில் பழசாகிவிடும். காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் பழக்கமோ அவனுக்கும் அவளுக்கும் வாழ்நாள் முழுதும் துணை நிற்கும்.