ஒரு நாளைக்கு எத்தனை வேதாளம்?

ஆண்டுத் தொடக்கத்தில் என் வானொலி நிகழ்ச்சியில் ஒரு கேள்வி போட்டேன்: “இந்த ஆண்டு எத்தனை புத்தகம் படிக்கப் போகிறீர்கள்?” வாட்ஸ்அப்பில் எண்களாக வந்து கொட்டின. 12, 24, 52. ஒருவர் 100 என்றார். ஒரே ஒரு நேயர் மட்டும் “ஒன்று” என்று அனுப்பினார். எது என்று கேட்டேன். ‘தி வீல் ஆஃப் டைம்’ என்றார்.

ஃபேன்டசி பிரியர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். ராபர்ட் ஜோர்டன் 1990ல் தொடங்கிய நாவல் தொடர் அது. 2007ல் அவர் இறந்துவிட, அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்து பிராண்டன் சாண்டர்சன் 2013ல் முடித்து வைத்தார். மொத்தம் 14 பாகம், 40 லட்சம் சொற்களுக்கு மேல். நிமிடத்துக்கு 250 சொல் வேகத்தில் தினமும் அரை மணி நேரம் படித்தாலும் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஆகும். நேயரின் ‘ஒன்று’ இந்த ஆண்டுக்குள் அடங்காது!

தலை எண்ணுவதுபோல் புத்தகங்களை எண்ணி இலக்கு வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லாததற்கு இதுதான் காரணம். அர்சுலா லெ குவின் 1968ல் எழுதிய ‘எ விசர்ட் ஆஃப் எர்த்சீ’ 200 பக்கம் சொச்சம்தான். அருமையான நாவல். ஆனால் கைப்பேசிச் செயலியின் கணக்கில் அதுவும் ஒன்று, தலையணை கனத்தில் இருக்கும் புத்தகமும் ஒன்று. டிசம்பர் நெருங்க நெருங்க, எண் குறைகிறதே என்று கை மெலிந்த புத்தகத்தைத்தான் தேடும். மாயாஜாலக் கதைக்கு இந்த அவசரம் ஆகாது. அந்த உலகத்து ஊர்ப் பெயர்களும் அங்கே யாருக்கு யார் பகை என்பதும் மனத்தில் படியவே முதல் 100 பக்கம் போய்விடும். சுகம் அதற்கு அப்புறம்தான்.

என்னுடைய கணக்கு பயணக் கணக்கு. ஈசூனில் ரயில் ஏறி, பீஷானில் வட்டப் பாதைக்கு மாறி, ஒன்-நார்த்தில் இறங்கும்வரை புத்தகம். உட்கார இடம் கிடைத்தால் 25 பக்கம், நின்றுகொண்டு போனால் 15. அண்மையில் அப்படி முடித்தது மலேசியாவில் பிறந்த ஸென் சோ எழுதிய ‘பிளாக் வாட்டர் சிஸ்டர்’. 2021ல் வந்தது. அமெரிக்காவில் வளர்ந்த பெண் பினாங்கு திரும்புகிறாள். இறந்துபோன பாட்டியின் குரல் அவள் தலைக்குள் கேட்கத் தொடங்குகிறது. மாய உலகத்துக்கு ஐரோப்பியக் கோட்டைதான் வேண்டும் என்றில்லை என்பதற்கு இந்த ஒன்று போதும்.

பெரியவர்கள் கதை இருக்கட்டும். என் அக்கா மகன் தொடக்கநிலை 4 படிக்கிறான். டிராகன் வந்தால் போதும், ஆங்கிலத்தில் எத்தனை பக்கமானாலும் விழுங்கிவிடுவான். தமிழ் என்றால் அவனுக்குப் பயிற்சித்தாளும் சிவப்பு மையும்தான். சும்மா, ஆசைக்காகத் தமிழில் படிக்கலாம் என்று அவனுக்கு யாரும் காட்டியதில்லை. அக்காவுக்கு மதிப்பெண் கவலை. எனக்கு வேறு கவலை: கடைசித் தேர்வு முடிந்த மறுநாள் புத்தகப் பையோடு சேர்த்துத் தமிழையும் இறக்கி வைத்துவிடுவானோ?

ஜூன் விடுமுறையில் நூலகத்திலிருந்து வேதாளக் கதைகளை இரவல் எடுத்து வந்தேன். வடமொழி மூலத்தின் பெயரிலேயே 25 என்ற எண் இருக்கிறது. நாங்கள் இலக்கை யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. இரவுக்கு ஒரு கதை. அரைப் பக்கம் அவன் வாசிப்பான், மீதி நான்.

“வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிட்டது” என்று வீட்டில் திட்டு வாங்கியிருப்பீர்கள். அதன் பின்னால் இருக்கும் விதியைக் கவனித்திருக்கிறீர்களா? விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் விக்கிரமாதித்தன் தலை வெடித்துவிடும். சொன்னாலோ மௌனம் கலைந்து, வேதாளம் மரத்துக்கே போய்விடும். சரியான விடைக்குத் தண்டனை! பள்ளிக்கூடப் பிள்ளைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கடைசிக் கதைதான் உச்சம். தந்தையும் மகனும் காட்டில் இரண்டு பெண்களின் காலடித் தடங்களைப் பார்க்கிறார்கள். பெரிய பாதத்துக்காரி தந்தைக்கு, சிறிய பாதத்துக்காரி மகனுக்கு என்று பேசிக்கொள்கிறார்கள். நேரில் கண்டால் அவர்கள் தாயும் மகளும். சிறிய பாதம் தாயினுடையது. பேச்சு மாறக்கூடாது என்று தந்தை மகளையும், மகன் தாயையும் மணந்துகொள்கிறார்கள். இரண்டு தம்பதிக்கும் பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன உறவு?

“ரெண்டு பேருமே அங்கிள், சித்தி. முடிஞ்சுது” என்றான்.

ஆங்கிலத்தில் அது சரிதான். தமிழ் விடவில்லை. இரண்டும் பையன்கள் என்று வைத்துக்கொண்டு தாளில் படம் போட்டோம். தந்தைக்குப் பிறந்தவன் மகனுக்குத் தம்பி. ஆகவே மகனுடைய பிள்ளைக்கு அவன் சித்தப்பா. ஆனால் அந்தப் பிள்ளை தாய்வழியில் யார்? சித்தப்பாவைப் பெற்றவளுக்குத் தம்பி. அதாவது சித்தப்பாவுக்கே தாய்மாமன். இவன் “சித்தப்பா” என்று கூப்பிட்டால், அவன் “மாமா” என்று பதில் கொடுக்க வேண்டும்.

ரொம்ப நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். “அப்போ தீபாவளிக்கு யாரு யாருக்கு அங்பாவ் குடுக்கணும்?”

விக்கிரமாதித்தன் வாய் திறக்காமல் இருந்தது இந்த ஒரு கேள்விக்குத்தான். அக்கா அன்றிரவு தன் பங்குக்கு முயன்று பார்த்து, தலைவலி என்று படுக்கப் போய்விட்டார்.

25 இரவுகளில் முடிய வேண்டியதற்கு 41 ஆனது. என் பணிநேரம், அவனுடைய நீச்சல் வகுப்பு, நடுவே ஒரு சளிக்காய்ச்சல். பிடித்த கதையை மறுநாளும் கேட்டது வேறு. நூலகத்தில் தவணை 21 நாள், ஒரு முறை நீட்டித்தால் இன்னொரு 21. 42ஆம் நாள் புத்தகத்தைத் திருப்பிப் போட்டோம்.

அடுத்து எடுத்து வந்திருப்பது விக்கிரமாதித்தன் சிம்மாசனத்துப் பதுமைகளின் கதைகள். 32 பதுமைகள். இந்தத் தடவை தவணையை நீட்டிக்கவே கூடாது என்பது அவன் உத்தரவு. கைப்பேசியை வாங்கிக் கணக்குப் போட்டுவிட்டான்.

“ஒரு நாளைக்கு ஒன்றரைப் பதுமை, சித்தி.”

பாதிக் கதையில் எந்த இடத்தில் விளக்கை அணைப்பது என்பதில்தான் இப்போது சண்டை.