வருகைதரு கலைஞரின் ஒரு மணிநேரம்

நம் கலைக் கல்லூரிகளில் வருகைதரு கலைஞரின் உரை ஒரு சடங்காகவே மாறிவருகிறது. விளக்கணைத்த அரங்கில் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் நகரும். எந்தப் படைப்பு எந்த பினாலேயில் இடம்பெற்றது என்பது சொல்லப்படும். இறுதியில் பேராசிரியர் ஒருவர் எழுந்து கேள்வி கேட்பார் (பெரும்பாலும் அது கேள்வியாக இராது, இன்னோர் உரையாகவே இருக்கும்). மாணவர்கள் வாய் திறப்பதில்லை. அந்த மௌனத்தை ஆர்வமின்மை என்று கணக்கெழுதிவிடுவது எளிது.

திரையில் தெரிவது முடிந்த படைப்பு மட்டுமே. களிமண்ணோடு நாள் முழுதும் மல்லாடும் சிற்பத்துறை மாணவர் அறிய விரும்புவது வேறு: உள்ளே நிறுத்திய கம்பிக்கூடு எங்கே வளைந்து கொடுத்தது, வார்ப்புப் பட்டறைக்குப் பணம் எப்படிப் புரண்டது, பற்றவைத்தவர் யார்? நிறுவல் கலையின் பெரும்பகுதி தச்சர்களின், வெல்டர்களின் உழைப்பால் உருவாவது. உரையில் அவர்கள் பெயர் அரிதாகவே வருகிறது. ஆங்கிலத்திலேயே நிகழும் இவ்வுரைகளில், இந்தியிலோ வங்காளத்திலோ தமிழிலோ பயின்று வந்தவர் தம் ஐயத்தை மனத்துள் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் நன்றியுரை தொடங்கிவிடுகிறது.

1919இல் தொடங்கிய சாந்திநிகேதன் கலாபவனம் இருவகை விருந்தினரையும் அறிந்திருந்தது. 1920களின் தொடக்கத்தில் தாகூரின் அழைப்பில் வந்த கலை வரலாற்றறிஞர் ஸ்டெல்லா கிராம்ரிஷ், கோதிக் முதல் தாதா வரையிலான ஐரோப்பியக் கலையைப் பற்றி உரையாற்றினார். நந்தலால் போஸ் அழைத்துவந்த ஜெய்ப்பூர்ச் சுவரோவியக் கைவினைஞர் நரசிங்லாலோ சாந்து பூசிக் காட்டினார். சுண்ணச்சாந்து ஈரம் உலர்வதற்குள் வண்ணம் ஏற வேண்டும்; பின்பு அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்ற வேண்டும். படக்காட்சியால் கற்பிக்க முடியாத காலக்கணக்கு அது. கிராம்ரிஷின் உரைகள் தேவையற்றவை என்று எவரும் சொல்லமாட்டார். பார்வையை விரிப்பதற்கு அவை வேண்டும். இன்று எஞ்சியிருப்பது அந்த ஒருவகை மட்டுமே, அதுவும் மெலிந்த வடிவில்.

அமெரிக்க ஓவியர் ராபர்ட் ரௌஷன்பர்க் 1975இல் அகமதாபாத் வந்தபோது, காந்தி ஆசிரமத்தோடு தொடர்புடைய கைக்காகித ஆலையில் தொழிலாளர்களோடு வேலை செய்தார். மண்ணோடு காகிதக்கூழும் வெந்தயப்பொடியும் புளியங்கொட்டை மாவும் கலந்த குழம்பிலிருந்து அவருடைய படைப்புகள் சில உருவாயின. அருகில் நின்று கையை அழுக்காக்கிக்கொண்டவர் கேட்டிருக்கக்கூடிய கேள்விகள் அரங்கத்து நாற்காலியில் எழுவதில்லை.

பயணப்படியும் மதிப்பூதியமும் ஒரு மணிநேரத்துக்கே ஒதுக்கப்படுவதால்தான் கலைஞர் மாலை ரயிலுக்கு விரைகிறார் எனக் கல்லூரிகள் சொல்லலாம். ஆண்டுக்கு ஆறு பேரை அழைப்பதை விட்டு இருவரை அழைத்து, ஒரு வாரம் பட்டறையில் தங்கவைத்தால் அதே தொகை ஏறக்குறையப் போதும். உரை அவ்வாரத்தின் கடைசி நாளில் நிகழட்டும்.