லவ்ரான்ஸின் மகளும் நம் வாசகரும்

ஒரு நாவலைப் படித்து முடித்தவுடன் "யார் பக்கம் நியாயம்?" என்று கேட்பது நம் வாசகரிடையே ஊறிப்போன பழக்கம். நீதிமன்றத்து நடுவர் வழக்கேட்டைத் திறப்பதுபோல் நூலைத் திறக்கிறோம். தீர்ப்பை எழுதிவிட்டே மூடுகிறோம். இப்பழக்கம் ஒரு நல்ல நூலை எவ்வளவு தூரம் மறைத்துவிடக்கூடும் என்பதைச் சென்ற மாதம் எங்கள் ஊர் வாசிகசாலையில் நேரிற் கண்டேன். அங்கே மாதம் ஒருமுறை கூடும் இலக்கிய வட்டத்தில் அன்று எடுத்துக்கொண்ட நூல், நோர்வே நாட்டு நாவலாசிரியை சிக்றிட் உண்ட்செற் எழுதிய 'லவ்ரான்ஸின் மகள் கிறிஸ்ரின்'. 1920, 1921, 1922 ஆகிய மூன்று ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்து, 1928இல் ஆசிரியைக்கு நொபெல் பரிசு கிடைப்பதற்குப் பெருங் காரணமாயிருந்த படைப்பு அது.

நூலைப் படியாத அன்பர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். காலம் 14ஆம் நூற்றாண்டின் முற்பாதி. மலைப்பள்ளத்தாக்கு ஒன்றில் நிலபுலத்தோடு வாழும் லவ்ரான்ஸ் என்பவர் தம் மூத்த மகள் கிறிஸ்ரினை, நற்குடியிற் பிறந்த சீமொன் என்னும் இளைஞனுக்கு நிச்சயம் செய்கிறார். திருமணத்துக்கு முன் ஓராண்டு ஒஸ்லோ நகரத்துக் கன்னியர் மடத்தில் தங்கச் சென்ற கிறிஸ்ரின், ஏர்லண்ட் என்ற வீரனைக் கண்டு அவனிடம் தன்னை இழக்கிறாள். அவனோ பிறன் மனைவி ஒருத்தியோடு வாழ்ந்து இரு பிள்ளைகளுக்குத் தந்தையானவன். அதனாற் சமயத் தண்டனைக்கும் ஆளானவன். நிச்சயித்த திருமணம் குலைகிறது. நெடுநாள் மறுத்த தந்தை இறுதியில் இணங்குகிறார். கிறிஸ்ரின் ஏர்லண்டை மணக்கிறாள். அதன் பின் வருவனவெல்லாம் அத்திருமணத்தின் கதை: ஏழு ஆண்மக்களை வளர்த்த பாடு, கணவனின் பொறுப்பின்மையால் நிலம் பறிபோதல், பிரிவு, கணவனின் சாவு, இறுதியில் 1349இல் நோர்வேயை அழித்த கொள்ளைநோயில் அவளுடைய முடிவு.

கூட்டத்தில் முதலிற் பேசியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். தந்தை சொல்லைத் தட்டிய மகள் வாழ்நாளெல்லாம் துன்புற்றாள், இதுவே நூலின் பொருள் என்றார் அவர். இளைஞர் சிலருக்கு இது பொறுக்கவில்லை. பெற்றோர் பேசிச் செய்யும் திருமணத்தின் கொடுமைக்கு எதிராக எழுந்த குரலே இந்நாவல் என்று அவர்கள் வாதித்தார்கள். ஒரு மாணவர், "ஐயா, அவள் சீமொனைக் கட்டியிருந்தால் கதையே இல்லையே!" என்றதும் சபையிற் சிரிப்பு எழுந்தது. அந்த மாணவரின் வாக்கியத்தில் அவர் அறிந்ததைவிட அதிக உண்மை இருந்தது என்று பின்னர் எனக்குத் தோன்றிற்று.

வேறிரண்டு அபிப்பிராயங்களும் வெளிவந்தன. சமயப் பிரசாரம் மிகுந்த நூல் என்றார் ஒருவர். உண்ட்செற் அம்மையார் கத்தோலிக்க சமயத்தைத் தழுவியது 1924இல். நாவலின் மூன்றாம் பாகம் வெளிவந்தது 1922இல். அவருடைய மனம் எப்பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது என்பதை நூலில் உணரலாமாயினும், மதம் மாறியவர் எழுதிய பிரசாரம் என்பது பொருந்தாது. மற்றொருவர் முதல் ஐம்பது பக்கங்களுக்குமேற் செல்ல முடியவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். அவர்மீது குற்றமில்லை. அவர் கையிற் கிடைத்தது 1920களில் வெளியான பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு. அதன் ஆசிரியர்கள், கதை பழையதாயின் மொழியும் பழையதாக இருத்தல் வேண்டும் என்று கருதி, எவரும் பேசாத ஓர் ஆங்கிலத்தை உண்டாக்கிவிட்டார்கள். சில பகுதிகளை வெட்டியும்விட்டார்கள். 1997க்கும் 2000க்குமிடையில் ரீனா நன்னலி செய்த புதிய மொழிபெயர்ப்பில் அப்பகுதிகள் மீண்டும் இடம்பெற்றன. நடையும் தெளிந்த நீர்போல் ஓடுகிறது. பழைய பிரதியைப் படித்தவர் இதனை வாளும் குதிரையும் நிறைந்த காதற்கதை என்று எண்ணுவதும், புதிய பிரதியைப் படித்தவர் பக்கத்து வீட்டுக் கதையாக உணர்வதும் இயல்பே.

முதலிற் கூறிய இரு கட்சிகளுக்கு வருகிறேன். நானும் ஒரு காலத்தில் இவற்றில் ஒன்றைச் சேர்ந்தவன்; இன்னொரு காலத்தில் மற்றதைச் சேர்ந்தவன். இருபத்திரண்டு வயதில் இந்நூலை முதன்முதற் படித்தபோது லவ்ரான்ஸின்மேற் கோபம் கொண்டேன். என் மகள் வளர்ந்து பெரியவளான பின்னர் இரண்டாம் முறை படித்தபோது, அதே லவ்ரான்ஸுக்காகக் கண் கலங்கினேன். நூல் மாறவில்லை. இரண்டு முறையும் நான் என்னையே படித்துவிட்டு எழுந்திருக்கிறேன்.

மூன்றாம் முறை படித்தபோதுதான் எளிய உண்மையொன்று கண்ணிற் பட்டது. இளைஞர்கள் கூறும் கட்டாயம் நூலில் எங்கே இருக்கிறது? லவ்ரான்ஸ் கொடியவரல்லர். மகளை உயிரினும் மேலாக நேசித்தவர். கிறிஸ்ரின் சீமொனை வெறுத்தவளுமல்லள். நிச்சயத்தின்போது அவள் மறுப்புச் சொல்லவில்லை. பின்னர் அவளும் ஏர்லண்டும் மறைவாகச் சந்திக்கும் இழிந்த வீட்டுக்குள் நுழைந்து அவளைக் கண்டவன் சீமொனே. கண்ட இடத்தைப்பற்றி அவள் தந்தையிடம் ஒரு வார்த்தை கூறாது, அவள் பெயருக்கு மாசு வராமல் விலகிக்கொண்டவனும் அவனே. பெற்றோர் பேசிய திருமணத்தைப் பற்றிய நாவல் என்று நாம் அழைக்கும் இந்நூலில், பேசிய அத்திருமணம் நடைபெறவே இல்லை! மாணவர் சொன்ன உண்மை இதுதான்.

அக்காலத்து நோர்வேயின் சட்டமும் சமயமும் இவ்விடயத்தில் ஒரே திசையிற் செல்லவில்லை என்பதையும் கவனித்தல் நன்று. ஆணும் பெண்ணும் தாமே மனமொத்துச் சம்மதித்தலே திருமணத்தின் உயிர் என்பது 12ஆம் நூற்றாண்டு முதலே திருச்சபை வலியுறுத்திய கோட்பாடு. நாட்டின் சட்டமோ சொத்தைக் காவல் செய்தது. 1274இல் மன்னன் மக்னுஸ் வகுத்த நாட்டுச் சட்டத்தின்படி, உரிய காவலரின் இசைவின்றி மணம்புரிந்த பெண் தன் முதுசத்தை இழப்பாள். ஆகவே கிறிஸ்ரினும் ஏர்லண்டும் இரகசியமாகக் கொடுத்துக்கொண்ட வாக்கு கடவுளுக்கு முன்னால் ஒரு பிணைப்பு. உறவினருக்கு முன்னால் ஒரு களவு. இந்த இடைவெளியிலேதான் உண்ட்செற் அம்மையார் தம் கதையை நட்டுவைத்தார். தொல்பொருள் ஆய்வாளரான தந்தையின் மடியிலிருந்தே பழங்காலத்தைக் கற்றவர் அவர். பதினொரு வயதில் அத்தந்தையை இழந்து, பதினாறு வயதுமுதல் பத்தாண்டுகள் அலுவலகமொன்றில் எழுதுவினைஞராக உழைத்தவர். இடைக்காலக் கதையொன்றை முதன்முதலாக எழுதிக் கொடுத்தபோது, இத்துறை உமக்கு வேண்டாம் என்று பதிப்பாளர் திருப்பிவிட்டனராம்! பதிப்பாளரின் அபிப்பிராயமும் வாசக அபிப்பிராயந்தானே.

களவு என்ற சொல்லைச் சொன்னவுடன் நம் அகத்திணை நினைவுக்கு வராமற் போகாது. அங்கே தலைவியின் களவைத் தோழி அறிவாள், செவிலி அறிவாள். அறத்தொடு நிற்றல் என்ற அழகிய வாயிலால் அச்செய்தி பெற்றோரைச் சென்றடையும். கிறிஸ்ரினுக்கு அறத்தொடு நிற்கத் தோழியொருத்தி இல்லை. அவள் துயரத்திற் பாதி அதனால் விளைந்தது என்பேன். இன்னொன்றும் உண்டு. தலைவியைப் பெண்கேட்டு அயலார் வருவதை நொதுமலர் வரைவு என்று நாம் படிக்கிறோம், படிப்பிக்கிறோம். அந்த நொதுமலரின் நெஞ்சில் என்ன இருந்தது என்று நாம் என்றாவது கேட்டதுண்டா? அவருக்கு அங்கே கூற்றே இல்லை. உண்ட்செற் அம்மையார் தம் நொதுமலனுக்கு நூற்றுக்கணக்கான பக்கங்களை ஒதுக்கியிருக்கிறார். சீமொன் முதலில் ஒரு விதவையை மணக்கிறான். அவள் இறந்தபின் கிறிஸ்ரினின் தங்கை றம்போர்க்கை மணக்கிறான். ஏர்லண்ட் சிறைப்பட்டபோது அவனை மீட்க அலைபவனும் அவனே. பிறர் சண்டையை விலக்கப்போய்ப் பெற்ற காயம் புரையோடி இறக்கும்வரை, கிறிஸ்ரினின்மீது கொண்ட அன்பை அவளிடம் அவன் வாய்திறந்து கூறவில்லை.

தலைமையாசிரியரின் கட்சிக்கு விடை முதற் பாகத்தின் இறுதி அத்தியாயத்தில் இருக்கிறது. அன்று கிறிஸ்ரினின் திருமண இரவு. விருந்தினர் உறங்கச் செல்கின்றனர். மகள் முன்னரே ஏர்லண்டுக்கு உரியவளாகிவிட்டாள் என்பதை லவ்ரான்ஸ் உணர்ந்துகொண்டார். மனமுடைந்து நிற்கும் அவரிடம், அத்தனை ஆண்டுகளும் வாய்திறவாத மனைவி றக்ன்பிரீட், தானும் திருமணத்துக்கு முன் வேறொருவனுக்கு இடங்கொடுத்தவள் என்ற உண்மையைச் சொல்கிறாள். அவர்களுடையது பெரியோர் பேசி முடித்த திருமணம். கணவர் அவளை மதிப்போடு நடத்தினார், ஒருபோதும் கடிந்துகொண்டாரில்லை. அவள் விரும்பிய விதத்தில் அவளை விரும்பவுமில்லை. மூன்று ஆண்குழந்தைகளைச் சேர்ந்து புதைத்த தம்பதியர் அவர்கள். ஊரார் எடுத்துக்காட்டாகச் சொல்லும் குடும்பம். அந்த வீட்டின் நடுவே இத்தனை காலமும் ஒரு பெண் தனியாக இருந்திருக்கிறாள் என்பதை, அவளோடு வாழ்ந்தவர் அந்த இரவிலேதான் அறிகிறார்.

இந்த அத்தியாயத்தைப் படித்தபின், பெற்றோர் பேசிய திருமணம் நன்று என்றோ, காதல் திருமணம் நன்று என்றோ இந்நூலைச் சாட்சிக்கு அழைப்பது எங்ஙனம்? ஆசிரியை தாமே விரும்பி ஓர் ஓவியரை 1912இல் மணந்து, 1919இல் அவரைப் பிரிந்து, குழந்தைகளோடு தனித்து வாழ்ந்தபோதே இந்நூலை எழுதினார். ஆகவே காதலித்ததற்காக வருந்தியே எழுதினார் என்று தலைமையாசிரியர் ஒரு போடு போட்டார். வருந்தினாரோ இல்லையோ, வருத்தம் மட்டுமே கொண்டு றக்ன்பிரீட்டைப் படைத்தல் இயலாது என்பது என் துணிபு.

கூட்டம் முடியும் தறுவாயில், அதுவரை ஒன்றும் பேசாது மூலையில் அமர்ந்திருந்த ஓர் ஆசிரியை எழுந்தார். எங்கள் வட்டத்தில் அவர் பேசுவது அரிது. "எல்லாரும் கிறிஸ்ரினைப் பற்றியே பேசுறீங்கள். அந்தத் தங்கச்சியைப் பற்றி ஒருத்தரும் கேக்கேல்லையே, மாஸ்ரர்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் திகைத்துப்போனேன். றம்போர்க் சிறுமியாயிருந்த நாள்முதற் சீமொனை விரும்பியவள். பெற்றோர் இசைவோடு அவனையே மணந்தவள். காதலும் பெற்றோர் சொல்லும் ஒன்றாய்ச் சேர்ந்த திருமணம் இந்நூலில் அது ஒன்றே. இரு கட்சியினரும் கொண்டாடியிருக்க வேண்டிய திருமணம்! ஆனாற் கணவனின் நெஞ்சு தன் அக்காவிடமே கிடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டே அவள் அவனுக்குப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தாள். சீமொன் இறந்த பின்னரே அந்தக் கசப்பு கிறிஸ்ரினின் முன்னால் வெளிப்படுகிறது. அக்கா திகைக்கிறாள்; அவளுக்கு அது தெரியாது. மூன்று முறை படித்த எனக்கும் அது உறைத்திருக்கவில்லை.

அன்றிரவு வீட்டுக்குத் திரும்பிய நான் நெடுநேரம் உறங்கவில்லை. என் தாயார் பதினேழு வயதில் மணமுடித்து எங்கள் வீட்டுக்கு வந்தவர். அவருக்கு அத்திருமணத்திற் சம்மதமா என்று அவரை எவரும் கேட்டதாக நான் அறியேன். நாங்கள் ஐந்து பிள்ளைகள், நாங்களும் கேட்கவில்லை. அவர் மறைந்து ஆண்டுகள் பலவாயின. அவர் மகிழ்ச்சியாகவே வாழ்ந்தார் என்று நான் இதுவரை பலரிடம் சொல்லி வந்திருக்கிறேன். அது எனக்கு எப்படித் தெரியும்?

வகுப்பறையில் ஒரு நாவலைப் படிப்பிக்கும் நாம், "இந்நூலின் செய்தி யாது?" என்று வினாத்தாளில் ஐந்து புள்ளிக்குக் கேட்கிறோம். மாணவர் ஒரு வாக்கியத்தில் விடை எழுதுகிறார். நாமும் சரி அடையாளம் இடுகிறோம். அதற்குப் பதிலாக, "இந்நூலில் வாய்திறந்து பேசாதவர் யார்? அவர் பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?" என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். நான் அடுத்த தவணையில் இவ்வாறு கேட்க எண்ணியிருக்கிறேன். விடைத்தாள்களைத் திருத்துவது கடினமாயிருக்கும் என்பதில் ஐயமில்லை.

அடுத்த மாதம் எங்கள் வட்டம் இரண்டாம் பாகத்தை எடுத்துக்கொள்கிறது. தலைமையாசிரியர் தம் கருத்தில் உறுதியாக இருக்கிறார்; இளைஞரும் அவ்வாறே. தங்கையைப் பற்றிக் கேட்ட ஆசிரியை, மூன்றாம் பாகத்தை இப்பொழுதே இரவல் வாங்கிச் சென்றுவிட்டார். வாசிகசாலையில் உள்ளது ஒரே பிரதி. அவர் அதைத் திருப்பித் தரும்வரை மற்றவர்கள் காத்திருக்கிறோம்.